ஒரு ஒயர், இரண்டு இலாகா

கர்ணாமிர்தா ஹோம் தியேட்டர் கம்பெனியின் சாத்திரப்படி ஒரு ஒயருக்கு இரண்டு முனைகள் உண்டு. ரிசீவர் பெட்டியில் நுழைகிற முனை ஒலிப் பிரிவைச் சேர்ந்தது. டிவியில் நுழைகிற முனை ஒளிப் பிரிவைச் சேர்ந்தது. நடுவில் கிடக்கிற ஒயர் யாருடையது என்று முடிவு செய்ய சென்னையில் ஒரு கமிட்டி உட்கார்ந்திருக்கிறது. இன்னும் எழுந்திருக்கவில்லை.

இது ராயப்பராஜுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் திருச்சி ரோட்டில் அந்தக் கம்பெனிக் கடை இருக்கிற பக்கத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கமாகவே நடந்திருப்பார்.

ராயப்பராஜ் நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவர். வீடு திண்டுக்கல் மேட்டுப்பட்டியில். விடியுமுன் பஸ் ஏறிப் போய், பூக்காட்டுக்காரர்கள் கொண்டுவருகிற மல்லிகையை விலை பேசித் தள்ளிவிட்டு, மதியச் சோற்றுக்கு வீடு திரும்பிவிடுவார். மார்க்கெட்டில் அவரிடம் பேசி ஜெயித்தவன் கிடையாது என்று ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டவரும் அவர்தான்.

அவர் மனைவி ஆனந்தமேரிக்கு சினிமா என்றால் உயிர். புதுப்படம் வந்தால் கொட்டகையில் இவர் தூங்குவார், அவள் பார்ப்பாள். வீட்டுக்கு வருகிற வழியில் கதை சொல்வாள். அப்படித்தான் அவர்கள் குடித்தனம் நடந்தது. அவள் கண்ணில் நீரழுத்தம் வந்து பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, போன கிறிஸ்துமஸோடு முழுக்கப் போய்விட்டது. அதற்கப்புறமும் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தாள். செத்த நேரத்தில் எழுந்துவிடுவாள்.

"எல்லாரும் ஒரே குடத்துக்குள்ள உக்காந்து பேசுற மாதிரி இருக்குங்க. எவன் வாரான், எவன் போறான்னே தெரியல" என்பாள்.

மதுரையில் அவள் தம்பி பிரிட்டோ வீட்டுக்குப் போனபோதுதான் விஷயம் பிடிபட்டது. அங்கே கூடத்தைச் சுற்றி ஸ்பீக்கர்கள் நின்றன. படம் ஓடிக்கொண்டிருந்தது. ஆனந்தமேரி சட்டென்று கழுத்தைத் திருப்பினாள்.

"ஏங்க, வில்லன் எனக்குப் பின்னாடி வந்து நிக்கிறான். இப்ப சோத்தாங்கைப் பக்கம் நடக்குறான். கதவு அங்கனதான் இருக்கு" என்றாள்.

டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த ராயப்பராஜுக்குக் கதவு தெரியவே இல்லை. அடுத்த காட்சியில் வில்லன் அந்தக் கதவைத் திறந்தான். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்தவர், திரும்பி வருகிற பஸ்ஸிலேயே முடிவு பண்ணிவிட்டார்.

கடையில் விலை சொன்னார்கள். ராயப்பராஜ் கேட்டார், பழக்கப்படி எழுந்து நடந்தார். வாசல் வரை நடந்தால் பின்னாலிருந்து கூப்பிட வேண்டும், அதுதான் வியாபாரத்தில் மரியாதை. யாரும் கூப்பிடவில்லை. ஒரு செருப்பை மெதுவாகப் போட்டார். இன்னொன்றை அதைவிட மெதுவாகப் போட்டார். கூப்பிடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அவரே உள்ளே வந்தார். அவருடைய தொழில் வாழ்க்கையில் இது முதல் தடவை.

"நம்ம கம்பெனியில விலை குறையாது சார். மரியாதை கூடும்" என்றார் மண்டலத் தலைவர் பழனிக்குமார். வெயில் காலத்திலும் கோட்டுப் போடுகிற மனிதர். உடனே ராயப்பராஜைப் பிளாட்டினம் குடும்பம் என்று அறிவித்தார். கடைப் பையன்கள் வரிசையாக நின்று கை தட்டினார்கள். பில்லை நீட்டியவன் மட்டும் தட்டவில்லை, கை காலியாக இல்லை.

"ஒண்ணே ஒண்ணு சார். எந்தக் காரணத்துக்காகவும் ஒயரை நீங்களா சொருகிடாதீங்க. முறைப்படி எங்க ஆளுங்க வருவாங்க" என்றார் பழனிக்குமார்.

பெட்டி வந்தது, ஆள் வரவில்லை. ராயப்பராஜ் பெட்டியின் பின்புறத்தைப் பார்த்தார். துளை ஒரு வடிவம், ஒயர் முனையும் அதே வடிவம். வேறு எதிலும் அது நுழையாது. டிவிப் பக்கமும் அப்படித்தான். இரண்டு முனையையும் சொருகினார். டிவியில் எழுத்து வந்தது.

'வணக்கம், பிளாட்டினம் குடும்பமே. இது அங்கீகாரம் பெறாத சொருகல். ஒலி வேண்டுமென்றால் இணைப்பாளரின் குறியீட்டைப் பதியவும்.'

"என்னங்க, சத்தமே வரல?" என்றாள் ஆனந்தமேரி.

"கும்பிட்டுட்டுக் கதவைச் சாத்திருச்சு" என்றார்.

ஒருவழியாக ஒலிப் பிரிவிலிருந்து முகேஷ்குமார் வந்தார். வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கூடத்தின் மூலைக்கு மூலை போய்க் கை தட்டினார். சுவர் என்ன சொல்கிறது என்று கேட்கிறாராம். சுவர் சொன்னதன் பேரில் சோபாவைத் தூக்கிக் கூடத்தின் நட்டநடுவில் போட்டார்.

"இதுதான் சார் கேட்பு மையம். இனிமே இது அசையக்கூடாது" என்றார்.

பிறகு ஒயரின் ஒரு முனையை ரிசீவரில் சொருகினார். ஏற்கனவே ராயப்பராஜ் சொருகியிருந்த இரண்டு முனைகளையும் பிடுங்கிவிட்டு, அதே துளையில் சொருகினார். மறுமுனை தரையில் கிடந்தது.

"அதையும் டிவியில சொருகிட்டு அந்தக் குறியீட்டையும் போட்டுட்டுப் போங்க தம்பி."

முகேஷ்குமார் அந்த முனையைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அது ஒளி சார். நான் ஒலி. ரெண்டு பிரிவும் முடிச்சோம்னு சொன்னாத்தான் குறியீடு தருவாங்க."

"எட்டிச் சொருகுனா என்ன ஆகும்?"

"எனக்கு இன்கிரிமென்ட் நிக்கும்."

அவர் போனதும் ஆனந்தமேரி அடுப்படிக்கு நடந்தாள். வீட்டில் எது எங்கே என்று அவள் காலுக்குத் தெரியும். நடு கூடத்தில் சோபா இருப்பது தெரியாது. முட்டி வீங்கிவிட்டது. ராயப்பராஜ் சோபாவைத் தூக்கிப் பழைய இடத்தில் போட்டார். கேட்பு மையம் அசைந்தது கம்பெனிக்கு எப்படியோ தெரிந்து, வருத்தம் தெரிவித்துச் செல்போனுக்குச் செய்தி வந்தது. முட்டி வீங்கியதற்கு எந்தச் செய்தியும் வரவில்லை.

அடுத்து ஒளிப் பிரிவிலிருந்து கீர்த்தனா வந்தார். சின்னப் பெண், நல்ல மாதிரி, தண்ணீர் கொடுத்தால் நன்றி சொல்கிற பெண். ரிசீவரில் முகேஷ்குமார் சொருகியிருந்த முனையை முதல் வேலையாகப் பிடுங்கிப் போட்டார்.

"ஏம்மா, அது அந்தத் தம்பி சொருகுனதும்மா."

"தெரியும் சார். நாங்க வேலை தொடங்கும்போது எல்லாம் சுத்தமா இருக்கணும். அது ரூல்" என்று சொல்லி, டிவியில் தன் முனையைச் சொருகினார். ரிசீவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பிறகு டிவியில் வண்ண வண்ணமாகக் கட்டங்களை ஓடவிட்டு ஆனந்தமேரி பக்கம் திரும்பினார். "மேடம், சிவப்பு சிவப்பா தெரியுதுங்களா?"

"எனக்குக் கண்ணு தெரியாதும்மா."

கீர்த்தனா கையிலிருந்த கருவியைப் பார்த்தார். அதில் ஆமாம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள்தான் இருந்தன. "அப்ப, வாடிக்கையாளருக்குப் படம் தெரியலைன்னு புகாரா போட்டுக்கறேன் மேடம். மேலிடத்துல பார்த்துப்பாங்க."

மேலிடம் பார்த்தது. அதன் விளைவாக முகேஷ்குமார் மறுபடி வந்தார். சுத்தமாகத் தொடங்க வேண்டி, டிவியிலிருந்த முனையைப் பிடுங்கினார். அவர் சொருகியதைக் கீர்த்தனா வந்து பிடுங்கினார். இப்படி ஒருத்தர் நட்டதை ஒருத்தர் பிடுங்கி, மேட்டுப்பட்டி வீட்டில் ஒரு விவசாயம் நடந்தது. நடுவே ஒருநாள், சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் செய்தி வந்தது. ராயப்பராஜ் படித்துக் காட்டினார்.

'தங்களுக்குப் படம் தெரியாத குறை முழுமையாகத் தீர்க்கப்பட்டது. கர்ணாமிர்தாவைத் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி.'

ஆனந்தமேரி தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனத்தைத் தட்டில் தடவி எடுத்தபடி சொன்னாள். "வேளாங்கண்ணிக்கு நடந்து போறதா நேந்திருந்தேன். இவங்க உக்காந்த இடத்துலயே முடிச்சுட்டாங்க."

அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு, "அந்தப் பொட்டியத் திருப்பிக் குடுத்துருங்க. நான் ரேடியோ கேட்டுக்கிறேன். எனக்குன்னு நீங்க அவங்ககிட்ட போய்க் கெஞ்ச வேணாம்" என்றாள். கொட்டகையிலிருந்து திரும்பும்போது வழி பூராவும் கதை சொன்ன குரல் அது. இப்போது அதில் ஒரு கதையும் இல்லை.

மறுநாள் ராயப்பராஜ் மண்டலத் தலைவரைப் பார்க்கப் போனார். பழனிக்குமார் அவரை உட்காரவைத்து, ஏசியைக் கூட்டிவைத்து, ஓர் உரை நிகழ்த்தினார்.

"சார், வாடிக்கையாளர்தான் எங்களுக்குத் தெய்வம். அதனாலதான் நாங்க வாடிக்கையாளரை நேரா தொடுறதில்ல. தெய்வத்தைத் தொடலாமா? பிரிவு பிரிவாத்தான் கிட்ட வருவோம். வேற கம்பெனிக்காரன் ஒரே ஆளை அனுப்புவான், வந்து ரெண்டு முனையையும் சொருகிட்டுப் போயிடுவான். அதோட உறவு முடிஞ்சுது. நம்ம உறவு அப்படியா? எங்க ஆளுங்க உங்க வீட்டுக்கு எத்தனை தடவை வந்திருக்காங்க. உங்க சொந்தக்காரன் வந்திருப்பானா?"

"சத்தம் வரலையே சார்."

"சத்தம் யாரு வேணா குடுப்பான் சார். நாங்க எதிர்பார்ப்பைக் குடுக்கறோம்."

"எங்க வீட்டம்மாவுக்குக் கண்ணு தெரியாது. அவங்களுக்கு இது ஒண்ணுதான்…"

"அவங்க கேஸைத்தான் சார் நான் சென்னையில உதாரணமா சொன்னேன். படமே தெரியாத ஒரு வாடிக்கையாளருக்கு நாங்க படப் பிரச்சினையைத் தீர்த்துவச்சோம். எழுந்து நின்னு கை தட்டினாங்க. இந்த வருஷம் விருது நமக்குத்தான்."

ராயப்பராஜ் எழுந்தார். வாசல் வரை நடந்தார். இந்த முறை செருப்பைச் சீக்கிரமாகப் போட்டார். யாராவது கூப்பிட்டிருந்தாலும் திரும்பியிருக்க மாட்டார்.

கம்பெனிக்கு நேரம் கெட்டது அடுத்த முகூர்த்தத்தில். பைபாஸ் ரோட்டில் புதிதாகக் கேட்பு அரங்கம் ஒன்று கட்டியிருந்தார்கள். திறந்துவைக்க நிறுவனரே சென்னையிலிருந்து காரில் வருகிறார். பெரியவருக்கு மல்லிகை மாலை என்றால் ஆசை. பிளாஸ்டிக் மாலை போட்ட ஒரு கிளை மேலாளரை அந்த மேடையிலேயே வேறு ஊருக்கு மாற்றியவர் என்று கேள்வி. அன்றைக்கோ ஊரெல்லாம் கல்யாணம். திண்டுக்கல்லிலும் பூ இல்லை, மதுரையிலும் இல்லை. கம்பெனி ஆபீசிலிருந்து நிலக்கோட்டைக்கு ஒவ்வொரு கடையாகப் போன் போட்டு, கடைசியில் ராயப்பராஜ் கடையில் வந்து விழுந்தார்கள். யார் கடை என்று அவர்கள் கேட்கவில்லை. எந்தக் கம்பெனி என்று இவர் கேட்டுக்கொண்டார்.

"ஆளுயர மாலை, மேடைச் சரம், எல்லாம் வரும். நேரத்துக்கு வந்துரும்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

பக்கத்துக் கடை தப்ரேஸ் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "அண்ணே, இந்தக் களவாணிப் பயலுகளுக்கா பூக் குடுக்கப் போறீங்க? இல்லைன்னு சொல்லிவிடுறத விட்டுட்டு."

"இல்லைன்னு சொன்னா அது கோவம் பாய். செத்த நேரத்துல ஆறிப்போகும். நான் குடுக்கத்தான் போறேன். அவங்க எனக்குக் குடுத்த மாதிரியே குடுக்கப் போறேன். உங்க வேனைக் கொஞ்சம் இரவல் குடுங்க."

விழா அன்று காலையில் கேட்பு அரங்கத்தின் வாசலில் இரண்டு வேன்கள் வந்து நின்றன. முதல் வேனில் கூடை கூடையாக மல்லிகை மொக்கு, ஈரச் சாக்கு போர்த்தியிருந்தது. இரண்டாவது வேனில் வாழைநார். மாலை கட்டுகிற மரியசெல்வியும் அவர் கூட்டத்துப் பெண்களும் எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். பழனிக்குமார் கோட்டோடு ஓடிவந்தார்.

"மாலை எங்கப்பா?"

"இதான் சார். இது பூ, அது நார்" என்றார் ராயப்பராஜ்.

"கட்டலையா?"

"பூப் பிரிவு வேற, நார்ப் பிரிவு வேற சார். பூவைக் கொண்டாந்து இறக்குறது என் வேலை. நார் தப்ரேஸ் பாய் பொறுப்பு. ரெண்டையும் சேத்துக் கட்டுறது மூணாவது பிரிவு. அவங்க முறைப்படி வருவாங்க."

"அவங்க எங்க?"

"டீ குடிக்கிறாங்க."

பழனிக்குமார் அப்போதுதான் ஆளை உற்றுப் பார்த்தார். "சார், நீங்க… பிளாட்டினம் குடும்பம்."

"மேட்டுப்பட்டி" என்றார் ராயப்பராஜ். "வெயில் ஏறுதுங்க. மொக்கு வாய் திறந்துட்டா மாலை கட்ட ஏலாது. அவசரப்படுத்தணும்னு சொல்லல. நான் எதிர்பார்ப்பைக் குடுத்துட்டேன்."

போன் வந்தது. நிறுவனர் மணப்பாறை தாண்டிவிட்டார்.

"நாங்களே கட்டிக்கறோம்" என்றார் பழனிக்குமார்.

"தாராளமா கட்டுங்க. அங்கீகாரம் பெறாத கட்டு. அவுந்து விழுந்தா கடை பொறுப்பில்ல."

முகேஷ்குமாரையும் கீர்த்தனாவையும் கூப்பிட்டார்கள். முகேஷ்குமார் நாரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். மறுமுனையைத் தொடலாமா என்று கீர்த்தனா மண்டலத் தலைவரின் முகத்தைப் பார்த்தார். தொட்டதும் இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். நார் அறுந்தது. அடுத்ததும் அறுந்தது. தரையில் மொக்குகள் சிதறின. பழனிக்குமாரின் பளபளப்பான ஷூ அவற்றின் மேல் நடந்தது. டீக்கடையிலிருந்து மரியசெல்வி, "ஏப்பா, பூவை மிதிக்காதீக, பாவம்" என்று குரல் கொடுத்தார். எழுந்திருக்கவில்லை.

வையம்பட்டி தாண்டிவிட்டார் என்று போன் வந்தது. பழனிக்குமார் கோட்டைக் கழற்றினார். உள்ளே சட்டை நனைந்திருந்தது.

"என்ன சார் வேணும் உங்களுக்கு? சொல்லுங்க. விலையைக் கூட்டித் தரச் சொல்றேன்."

"நம்மகிட்ட விலை கூடாது சார். கட்டுப் பிரிவுக்குத் தலைவி எங்க வீட்டம்மா. சத்தம் சரியா இருக்குன்னு அவங்க வாயால மரியசெல்விக்குப் போன்ல சொன்னா, அந்த நிமிஷமே கட்டு ஆரம்பம். இந்தப் பொம்பளைங்க கை பட்டா மாலைக்கு அம்புட்டு நேரம் ஆகாது. வீடு பக்கந்தான். ரெண்டு முனையும் ஒரே வண்டியில வரணும்."

ஒலியும் ஒளியும் ஒரே வண்டியில் உட்காருவது கம்பெனி சரித்திரத்தில் கிடையாது. பழனிக்குமார் தானே வண்டியை ஓட்டினார், பக்கத்தில் ராயப்பராஜ் உட்கார்ந்தார். முகேஷ்குமாரும் கீர்த்தனாவும் பின் சீட்டில் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

மேட்டுப்பட்டி வீட்டில் வேலை நடந்தது. முகேஷ்குமார் ஒரு முனையைச் சொருகினார். கீர்த்தனா மறுமுனையைச் சொருகினார். யாரும் யாருடையதையும் பிடுங்கவில்லை. ஒரு தும்மல் போடுகிற நேரம்தான். குறியீட்டைப் பழனிக்குமாரே அடித்தார். எங்கேயும் கேட்டு வாங்கவில்லை. எல்லா வீட்டுக்கும் ஒரே குறியீடுதானாம், அவருக்கு மனப்பாடம்.

ராயப்பராஜ் ஒரு பழைய படத்தைப் போட்டார். கூடத்தில் இடி இடித்தது. ஆனந்தமேரி சுவரோரச் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இடி எங்கிருந்து வந்ததோ அந்தப் பக்கம் முகம் திரும்பியது. யாரோ ஓடிவருகிற காலடிச் சத்தம் அவள் முதுகுக்குப் பின்னால் தொடங்கி, சோத்தாங்கைப் பக்கமாகக் கடந்து, முன்னால் போய் நின்றது. அவள் முகம் அதோடு கூடவே போய் நின்றது. பிரிட்டோ வீட்டில் பார்த்த முகம்.

"மேரி, சத்தம் சரியா இருக்குல்ல? மரியசெல்விக்கு ஒரு வார்த்தை சொல்லிரு" என்று ராயப்பராஜ் செல்போனை நீட்டினார். அவருக்குப் பழி தீர்ந்துவிட்டது. மேலே இழுத்தடிக்க அவருக்கு எண்ணம் இல்லை.

ஆனந்தமேரி போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரியான்னு இப்பவே எப்படிங்க சொல்றது? படத்தைப் பூராக் கேட்டாத்தான தெரியும்."

பழனிக்குமார் குனிந்தார். "அம்மா, ஒரு சீன் போதும்மா. நிறுவனர் வடமதுரை வந்துட்டாரும்மா."

"நீங்க யாரு தம்பி?"

"மண்டலத் தலைவர்மா."

"எனக்குப் பார்வை வர வச்ச புண்ணியவான் நீங்கதானா? உக்காருங்க. ஏங்க, அந்த நாற்காலிய எடுத்துப் போடுங்க. அந்தப் புள்ளைங்களுக்கும் போடுங்க. வீட்டுக்கு வந்தவுங்களை நிக்க வச்சுப் படம் பாக்கவா."

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். படத்தில் மழை விட்டது. கதாநாயகி கதவைத் திறந்து வெளியே வந்தாள். யாரோ ஒருவன் அவளை மெதுவாகக் கூப்பிட்டான். சரியாக அந்த நேரத்தில் பழனிக்குமாரின் சட்டைப் பையிலிருந்த செல்போன் அடித்தது. ஆனந்தமேரி தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"பீச்சாங்கைப் பக்கம் மணி அடிக்குது. படத்துலயா?"

"இல்லம்மா, என் போனு" என்றார் பழனிக்குமார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நிறுவனர்மா. வந்து இறங்கிட்டார் போல."

"அதை அமத்துங்க தம்பி" என்றாள் ஆனந்தமேரி, திரையின் பக்கம் முகத்தைத் திருப்பியபடி. "வசனம் கேக்க மாட்டேங்குது. இப்பத்தான கதைக்குள்ளயே வாராங்க."